கரடிக்கு எந்தக் குண்டு

அலாஸ்காவில் என்னை முதலில் வாய்பிளக்க வைத்தது பனி இல்லை. நாங்கள் போய் இறங்கிய ஓட்டலின் வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளின் முன்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர் தொங்கியது. ஒயரின் மறுமுனை சுவரில் இருந்த பிளக்கில் செருகியிருந்தது. எங்கள் ஒரகடம் கம்பெனியில் யாராவது செல்போனைச் சார்ஜ் போட்டாலே சூப்பர்வைசர் முறைப்பார். இங்கே வண்டியையே சார்ஜ் போட்டிருக்கிறார்களே என்று பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றேன்.

நாங்கள் இரண்டு பேர் போயிருந்தோம். கார் கதவைச் சுற்றி ஒட்டியிருக்குமே கறுப்பு ரப்பர் பட்டை, அதைத்தான் எங்கள் கம்பெனி செய்கிறது. கடுங்குளிரில் அது வெடிக்காது என்று காட்டினால் ஆர்டர் தருகிறோம் என்று வெளிநாட்டுக் கார் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் இடம் அலாஸ்காவில் ஒரு காட்டுக்குள் இருந்தது. தரப் பரிசோதனையிலிருந்து நான். ஒரகடத்துக்குப் பின்னாலேயே பிறந்து வளர்ந்தவன், எங்கள் நிலத்தில் பாதி இப்போது தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. என்னோடு வந்தவன் சுடலைமணி. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், குன்றத்தூரில் ஐந்தாறு பேரோடு ஒரே அறையில் தங்கி காண்டிராக்டில் வேலை பார்த்தான். பட்டையின் மூலைகளை வெட்டி ஒட்டுவதில் அவன் கைக்கு ஈடு கிடையாது என்பதால்தான் அவனுக்கு இந்த யோகம் அடித்தது. போன காரியம் முடிந்து, ஒரு புகாரும் இல்லாமல் திரும்பினால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட அதைத் துடைத்துத்தான் கொடுத்தான்.

மறுநாள் காலை நோரா வந்து கதவைத் தட்டினார். எங்களைக் களத்துக்குக் கூட்டிப்போகவும் அங்கே காவல் இருக்கவும் சோதனைக் கம்பெனி அமர்த்தியிருந்த ஆள், முந்தின ராத்திரியே வந்து அதே ஓட்டலில் தங்கியிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள், நரைத்த ஒற்றைப் பின்னல், நல்ல உயரம். எதிலிருந்து காவல் என்று கேட்டேன். கரடியிலிருந்து என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்காததைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நோராவின் வண்டி கிளம்பவில்லை. பக்கத்தில் இருந்த மூன்று வண்டிகளும் கிளம்பவில்லை. ஓட்டல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு வந்து, ராத்திரி யாரோ எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள் என்றார். அந்த ஒயர் சார்ஜுக்கு இல்லையாம். குளிரில் என்ஜின் உறைந்துபோகாமல் சூடாக வைத்திருக்கத்தானாம். நான் மெல்லச் சுடலையின் பக்கம் திரும்பினேன்.

"ஆளில்லாம கரண்ட் ஓடிக்கிட்டுக் கிடந்துச்சுண்ணே. நாந்தான் பிடுங்கி வச்சேன்" என்றான்.

அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்வது. எங்கள் லைனில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். மெஷினுக்குள் கைவிடுவதற்கு முன்னால் மெயினை ஆஃப் பண்ண வேண்டும், தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆஃப் பண்ணினவன்தான் மறுபடி ஆன் பண்ண வேண்டும், அதுவரை அவன் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. வேறு யாரும் அந்தப் பூட்டைத் தொட மாட்டார்கள். இதையெல்லாம் நான் நோராவிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். கத்தப்போகிறார் என்று பார்த்தால், நல்ல பழக்கம்தான் என்று சொல்லிவிட்டு, என்ஜின் சூடாகும்வரை சாப்பிடலாம் வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார்.

சாப்பாடு, இனிப்பு ஊத்தப்பம். அதன்மேல் பாகை ஊற்றி, பக்கத்தில் பன்றிக்கறியும் வைத்துக் கொடுத்தார்கள். நவராத்திரி முடியும்வரை சுடலை கவுச்சி தொடமாட்டான். கறியை என் தட்டுக்குத் தள்ளிவிட்டு, பையிலிருந்து புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்து ஊத்தப்பத்தில் தடவினான். பக்கத்து மேசையில் இருந்த தொப்பிக்காரர் அது என்ன என்று விசாரித்து ஒரு ஸ்பூன் வாங்கி வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு ஸ்பூன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பொழுது பாதி போய்விட்டதால், தனக்கு ஒரு சாமான் வாங்க வேண்டும், அதை முடித்துவிட்டுப் போகலாம் என்றார் நோரா. சரி என்றோம். அந்தச் சாமான் கைத்துப்பாக்கி என்று கடைக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது.

வெளியே இருந்து பார்த்தால் சாதாரண ஹார்டுவேர் கடை. உள்ளே முதலில் தூண்டில்கள், அடுத்து பூட்ஸ், அடுத்து சாக்லேட், அதற்கடுத்து கண்ணாடிப் பெட்டி நிறையத் துப்பாக்கி. எனக்குத் தெரிந்த ஒரே துப்பாக்கி, எங்கள் பக்கத்து பேங்க் வாசலில் வாட்ச்மேன் மடியில் இருப்பது. அதற்குள் குண்டு இருக்கிறதா என்று ஊரில் பாதிப் பேருக்குச் சந்தேகம். இங்கே இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண், குண்டு டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை ஒரு டப்பாவை வாயில் வைத்தது. அவள் அதைப் பிடுங்கித் துடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டாள்.

நோரா தன் பழைய ரிவால்வரை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். குண்டுகள் உட்காரும் உருளை அதில் லேசாக ஆடியது. அதனால்தான் புதிது. தாடி வைத்த கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் கல்யாணப் புடவை எடுத்தபோதுகூட இத்தனை ஆராய்ச்சி நடக்கவில்லை.

முதலில் காட்டியது எடையே இல்லாத ஒன்று. நாள் முழுக்க மார்பில் கட்டிக்கொண்டு நடக்கலாம். ஆனால் எடை குறைந்தால் சுடும்போது உதை அதிகம், முதல் குண்டு போனதும் மணிக்கட்டு மரத்துப்போய் இரண்டாவதைக் குறிவைக்க முடியாது என்று நோரா அதை ஒதுக்கிவிட்டார். அடுத்தது நீளக் குழல். குறி தப்பாது, ஆனால் அவசரத்தில் உறையிலிருந்து உருவி முடிப்பதற்குள் கரடி வந்து சேர்ந்துவிடும். அதையும் வேண்டாம் என்றார். மூன்றாவதில் பிடிக்குள்ளே பதினைந்து குண்டு அடுக்கலாம். தாடிக்காரருக்கு அதை விற்றுவிட ஆசை. கையுறையோடு அவசரத்தில் பிடித்தால் சிக்கிக்கொள்ளும், அந்தச் சமயத்தில் உட்கார்ந்து அதைப் பழுதுபார்க்க முடியாது என்றார் நோரா. கடைசியில் பழையதைப் போலவே நாற்பத்து நான்கு என்று சொல்லப்படும் அளவில், குட்டைக் குழலோடு, ஆறு குண்டு பிடிக்கிற கனமான ரிவால்வரையே எடுத்தார். விசையை அழுத்தினால் சுடும், அவ்வளவுதான், யோசிக்க வேண்டியதில்லை என்றார்.

பிறகு குண்டுக்கு வந்தார்கள். தாடிக்காரர் இரண்டு டப்பாவைத் திறந்து டப்பாவுக்கு ஒரு குண்டாக எங்கள் கண்ணெதிரே நிறுத்தினார். ஒன்றின் மூக்கில் குழி இருந்தது. உடம்புக்குள் போனதும் அது விரிந்துகொள்ளுமாம், விரிந்து அங்கேயே நின்றுவிடுமாம். மற்றது முழுக்கக் கெட்டி ஈயம், மூக்கு தட்டையாக வெட்டியிருந்தது. கரடிக்குக் கெட்டி ஈயம்தான். அதன் தோலுக்குக் கீழே கொழுப்பு, கொழுப்புக்குக் கீழே சதை, அதற்கும் கீழேதான் எலும்பு. விரிகிற குண்டு கொழுப்போடு நின்றுபோகும், கரடிக்குக் கோபம் மட்டும் வரும் என்றார்.

அப்படியானால் மூக்கில் குழி உள்ளது யாருக்கு என்று கேட்டேன்.

"அது மனிதர்களுக்கு" என்றார்.

இது இட்லி அரிசி, இது பச்சரிசி என்று எங்கள் ஊர் மளிகைக்காரர் சொல்கிற அதே குரல். இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே உயரத்தில் இருந்தன. நான் தலையைத் திருப்பி அந்தக் குழந்தைக்காரியின் கூடையைப் பார்த்தேன். அதில் இருந்தது குழி வைத்த குண்டு டப்பா. பக்கத்திலேயே குழந்தைக்கு ஒரு சாக்லேட்.

உங்கள் ஊரில் மிருகத்துக்கு என்ன வைத்துக்கொள்வீர்கள் என்று தாடிக்காரர் கேட்டார். முதல் ஷிப்டுக்கு இருட்டோடு கிளம்பினால், குன்றத்தூரிலிருந்து வரும் ஷேர் ஆட்டோ எங்களைக் கூட்ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து கம்பெனி கேட் வரை நாய்கள் ராஜ்ஜியம். டீக்கடையில் பொறை வாங்கிப் பையில் வைத்திருப்போம், துரத்தினால் வீசுவோம் என்றேன். பொறை என்றால் காய்ந்த ரொட்டி என்று விளக்க வேண்டியிருந்தது. அவர் தாடி குலுங்கச் சிரித்தார். நோரா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார், தாடிக்காரர் யாருக்கோ போன் செய்தார், நாங்கள் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் துப்பாக்கியைப் பையில் போட்டு நீட்டிவிட்டார். ரேஷன் கார்டில் என் மகள் பெயரைச் சேர்க்கத் தாலுகா ஆபீசுக்கு நான் நடந்த நடை ஞாபகம் வந்தது.

கடை வாசலில் இருந்த போனில், கார்டு போட்டு வீட்டுக்குப் பேசினேன். என் மனைவி சரளாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"காட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே துப்பாக்கி வாங்குறாங்கன்னா அங்க கரடி நெஜமாவே கீதுன்னு அர்த்தம். உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? ரப்பரத் தூக்கிப் போட்டுட்டு வூட்டுக்கு வா" என்றாள்.

களம், வண்டியில் நெடுந்தூரம். ஆற்றங்கரையில் ஒரு மரவீடு, அதிலிருந்து சற்றுத் தள்ளி எங்கள் பட்டைகளைத் தொங்கவிடும் இரும்புச் சட்டங்கள். போனதும் நோரா ஒரு நிபந்தனை போட்டார். நீங்கள் விசாவில் வந்தவர்கள், துப்பாக்கியை நீங்கள் தொடக்கூடாது, அது என் பொறுப்பு என்றார். பிறகு ஒரு மண்மேட்டைப் பார்த்துச் சுட்டுப் பழகினார். அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. சுடலை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த நாட்கள் நன்றாகவே போயின. காலையில் சட்டத்தில் பட்டைகளை மாட்டுவோம், வளைப்போம், விரிசல் தேடுவோம். நோரா வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் சுடலை இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி போல வைப்பான். மெஷின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் எங்கள் லைனை நிறுத்த அதுதான் சைகை. நோராவுக்கு அது பிடித்துப்போனது. காபி போதும் என்பதற்குக்கூட அவர் கையைப் பெருக்கல் குறி போட்டார். மூஸ் என்ற ராட்சச மானின் கறியை எனக்குச் சமைத்துப் போட்டார். சுடலைக்குப் பருப்பு வேகவைத்துக் கொடுத்தார். சாயங்காலமானால் துப்பாக்கியின் உருளையை வெளியே தள்ளிக் குண்டுகளை எடுத்து, துடைத்து, மறுபடி போட்டு, மார்பில் கட்டும் தோலுறையோடு கதவோரத்து ஆணியில் மாட்டிவிடுவார். ராத்திரியிலும் அது நிரம்பித்தான் இருக்க வேண்டும், கரடி வாசலுக்கே வரும் என்றார். இதைக் கேட்டபின் அவசரத்துக்கு வெளியே போவதற்கும் நான் சுடலையை எழுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எங்களுக்கு லீவு. சுடலை காலையிலேயே குளித்துவிட்டான். கம்பெனியில் அந்த நாள் எப்படி என்று படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷினைக் கழுவி, மெயினை ஆஃப் பண்ணி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அன்றைக்கு முழுக்க அதைத் தொடாமல் வைத்திருப்போம். சுடலையின் ஊர்ச் சாமிக்கு அரிவாள்தான் அலங்காரம், அதனால் அவனுக்கு இன்னும் பக்தி அதிகம். பொரிக்கு, டப்பாவில் விற்கிற அரிசிப் பொரியைச் சர்க்கரையோடு கலந்து வைத்தான். நானும் நோராவும் வீட்டை ஒட்டியிருந்த வண்டிக் கொட்டகைக்குப் போய்த் தெர்மாமீட்டர் பார்த்துவிட்டு வருவதற்குள் பூஜையே முடிந்திருந்தது. கட்டிங் கத்தி, அளவு பார்க்கும் வெர்னியர், லேப்டாப், எல்லாவற்றிலும் பொட்டு. நோராவின் வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். அது குளிரில் கல்லாகிப்போய் நசுங்கவே இல்லை, சக்கரம் ஏறி இறங்கியதும் எழுந்து உருண்டு போனது. நோரா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நெற்றியில் தனக்கும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டார்.

ஆணியில் துப்பாக்கி வழக்கம்போல உறைக்குள் தொங்கியது. அன்றைக்கு அது வெளியே போகாததால் சாயங்காலம் நோரா அதைத் துடைக்க எடுக்கவில்லை. அதை நான் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வானம் தெளிவாக இருந்தது. மேகம் திரும்புவதற்குள் வேலையை முடிக்கலாம் என்று நோரா எங்களை முன்னதாகவே கிளப்பிவிட்டார். உறையை மார்பில் கட்டி, அதன்மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். சுடலை அப்போது குளியலறையில் இருந்தான். தலை துவட்டிக்கொண்டே ஓடிவந்து ஏறிக்கொண்டான்.

சட்டங்களுக்கு அருகில் வண்டி போகாது. இறங்கி நடந்தோம். பாதி வழியில் அழுகல் நாற்றம் வந்தது. மரத்தின்மேல் காக்கைகள் கூட்டமாக இருந்தன. நோரா நின்றுவிட்டார். சட்டத்துக்குப் பக்கத்தில், முந்தாநாள் இல்லாத ஒரு குவியல், இலையும் மண்ணும் போட்டு மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மூஸின் கால் நீட்டிக்கொண்டிருந்தது. கரடி தன் இரையை இப்படித்தான் மூடி வைக்கும் என்றும், வைத்துவிட்டு அது தூரப் போகாது என்றும் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"ஓடக்கூடாது. யாரும் ஓடக்கூடாது" என்று மெதுவாகச் சொன்னார்.

புதருக்குப் பின்னாலிருந்து அது எழுந்தது. நான் படத்தில் பார்த்த கரடி வேறு. இது எங்கள் கம்பெனி ஃபோர்க்லிஃப்ட் அளவு இருந்தது. தலையை ஆட்டியது, வாயை மூடித் திறந்து பற்களைத் தட்டியது. நோரா கோட்டை விலக்கினார். இடுப்பில் இருந்த மிளகாய் ஸ்ப்ரேயை அவர் தொடவே இல்லை, காற்று எங்கள் பக்கமாக அடித்தது. துப்பாக்கியை உருவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தையோடு பேசுகிற மாதிரி கரடியோடு பேசிக்கொண்டே இருந்தார். அது வந்துவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நோரா அழுத்தினார். டிக் என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் டிக்.

எனக்குப் பக்கத்தில் சுடலை "ஐயோ, எடுத்துட்டு வந்துட்டாங்களா" என்று முனகியது கேட்டது. அடுத்த நொடி அவன் என் பக்கத்தில் இல்லை. நோராவைத் தாண்டிப் போய், அவருக்கும் கரடிக்கும் நடுவில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி போட்டான்.

கரடி நின்றது. ஆட்டோ நீளம்கூட இல்லை இடைவெளி. அதன் மூச்சு புகையாக வந்து அவன்மேல் பட்டது. புஸ் என்று ஊதியது, முன்காலைத் தரையில் அறைந்தது. பிறகு உடம்பைத் திருப்பிக்கொண்டு, ஏதோ மறந்துபோனதைத் தேடிப் போகிற மாதிரி புதருக்குள் போய்விட்டது.

யாரும் ஓடாமல், முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வண்டிக்கு வந்து சேர்ந்தோம். கதவைச் சாத்தியதும் நோரா உருளையை வெளியே தள்ளினார். ஆறு ஓட்டையும் காலி. அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போனது. சுடலை தன் உள்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். பிரித்தால் ஆறு குண்டு. ஒவ்வொன்றின் தட்டை மூக்கிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"டேய், இன்னாடா பண்ணி வச்ச?" என்று நான் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"பூஜைக்குல்லாண்ணே. மெயினை ஆஃப் பண்ணாம எப்படிப் பொட்டு வைக்க? காலைல ராகுகாலம் கழிஞ்சதும் போட்டுரலாம்னு பையில வச்சிருந்தேன். அவங்க அதுக்குள்ள எடுத்து மாட்டிக்கிடுவாங்கன்னு தெரியாதுண்ணே" என்றான். ஆணியில் துப்பாக்கி தொங்கவில்லை என்பதையே அவசரத்தில் அவன் பார்த்திருக்கவில்லை.

ஆயுத பூஜை, ராகுகாலம், மெயின் ஆஃப், எல்லாவற்றையும் நான் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து நோராவுக்கு இங்கிலீஷில் சொன்னேன். என் துப்பாக்கிக்காகச் சாமி கும்பிட என் குண்டை எடுத்தாயா என்று ஒருமுறை கேட்டார். பிறகு வண்டியைக் கிளப்பினார். சுடலை இரண்டு கையையும் கூப்பியபடி இருந்தான். அவன் வேலை போனது, நிரந்தரமும் போனது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

மரவீட்டுக்கு வந்ததும் நோரா வயர்லெஸ்ஸை எடுத்துச் சோதனைக் கம்பெனி மேலாளரைக் கூப்பிட்டார். எங்கள் எதிரிலேயே பேசினார். இன்று காலை காலித் துப்பாக்கியோடு இரண்டு பேரைக் கரடி முன்னால் நிறுத்திவிட்டேன், மாட்டும்போது உருளையைத் திறந்து பார்க்கவில்லை, தவறு என்னுடையது என்றார். குண்டை எடுத்தது யார் என்று அங்கிருந்து கேட்டார்கள். விருந்தாளி எடுத்தார், நான் பார்த்திருக்க வேண்டும் என்றார்.

எனக்கு அன்றைக்கு விழுந்த அதிர்ச்சிகளில் கரடிக்கு அடுத்தது இதுதான். எங்கள் பக்கம் ஒரு மெஷினில் யார் விரலாவது நசுங்கினால், முதலில் எழுதப்படுவது காண்டிராக்ட் பையன் பெயர். நசுங்கியது அவன் விரலாகவே இருந்தாலும் அப்படித்தான். இங்கே தன் பெயரைத் தானே சொல்கிற ஓர் ஆளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே வேறொரு காவலாள் வந்துவிட்டார். நோராவைப் போகச் சொல்லிவிட்டார்கள். சுடலை என்னை இழுத்துக்கொண்டு வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்தான். குண்டை எடுத்த தவறு தன்னுடையது என்று மேலாளரிடம் என்னைச் சொல்ல வைத்தான். துப்பாக்கி அந்த அம்மாளின் பொறுப்பு, உங்கள்மேல் எதுவும் எழுதவில்லை, வேலையைப் பாருங்கள் என்று பதில் வந்தது. சுடலை வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து அழுதான்.

"என்னை ஒருத்தரும் ஏச மாட்டேங்காங்களேண்ணே" என்றான்.

கிளம்பும் முன் நோரா மூட்டையை வண்டியில் வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். சுடலை படித்து வைத்திருந்த இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டான். அவர் அதைக் காதில் வாங்காமல், நீ ஏன் என் முன்னால் வந்து நின்றாய், அதை மட்டும் சொல் என்றார். நான் தமிழில் கேட்டேன்.

"ஆஃப் பண்ணது நாந்தானே. திரும்ப ஆன் பண்ணுத வரைக்கும் அங்கன நாந்தானே நிக்கணும்" என்றான்.

நான் மொழிபெயர்த்ததும் நோரா தலையை ஆட்டினார். எங்கள் வழக்கம் வேறு, கையில் எடுத்தவர்தான் பார்க்க வேண்டும், நேற்று யார் தொட்டார்கள் என்று கேட்கக்கூடாது என்றார். பிறகு துப்பாக்கியின் பிடியைத் திருப்பிக் காட்டினார். மரப்பிடியின் கோடுகளுக்குள் குங்குமம் எண்ணெயோடு ஊறிப்போயிருந்தது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை என்றார். கோபமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வண்டி வளைவில் திரும்பும்போது கண்ணாடியை இறக்கி, கையைத் தூக்கினார்.

ரப்பர் வெடிக்கவில்லை. கம்பெனிக்கு ஆர்டர் வந்தது, சுடலைக்கு நிரந்தர வேலையும் வந்தது. கேன்டீனில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தவன், தான் மட்டும் சாப்பிடவில்லை. நோராவை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்களா என்று கேட்டுச் சோதனைக் கம்பெனிக்கு மெயில் போடச் சொல்லி என்னை நச்சரித்தான். போட்டேன். அவர் இப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதை அவனிடம் சொல்லாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், முதல் ஷிப்டு. ஷேர் ஆட்டோ எங்களைக் கூட்ரோட்டில் இறக்கிவிட்டுப் போனது, விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. நாலைந்து நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. இத்தனை வருடமாக வருகிறவைதான், நான் பையில் கைவிட்டுப் பொறையைத் தேடினேன். அதற்குள் சுடலை எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டான். இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி போட்டிருந்தான். நான் சிரிக்கத்தான் போனேன். அவன் முழங்கால் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஓடாதீங்கண்ணே" என்றான், நோராவின் அதே மெதுவான குரலில்.

பொறையைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, அவனுக்குப் பின்னால் ஓடாமல் நின்றேன்.